இருபத்தைந்து வருட வயரிங், ஒரு கோப்பு: யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற் தகைமை மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் வீட்டு வயரிங் செய்கிற ஒருவர், கால் நூற்றாண்டு வேலை செய்து முடித்த பிறகு, தன் தொழிலுக்கு ஒரு சான்றிதழ் எடுக்கப் போனார். எடுத்தும் விட்டார். ஆனால் முதல் முறையில் முழுதாகக் கிடைக்கவில்லை. எந்த இடத்தில் இடறியது, ஏன் இடறியது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அவருடைய பெயர் தேவையில்லை. சைட்டில் எல்லாரும் கூப்பிடுகிறபடி அண்ணை என்றே குறிப்பிடுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் மின்னியல் படிப்பிப்பவன். இப்படி விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கோப்புத் தயாரிக்க உதவுவதும் என் வேலையில் சேர்த்தி.

ஆள் யார்

அண்ணை 1979 இல் பிறந்தவர். 1995 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவர். அந்த வருடம் ஒக்டோபர் 30 இல் போரினால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. அவருடைய குடும்பமும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. திரும்பி வந்தபோது புத்தகமும் இல்லை, படிக்கிற மனமும் இல்லை. மின்சாரமே இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்தவர் என்றபடியால் வயரும் பற்றரியும் அவருக்குப் புதிதல்ல. ஒரு பழைய வயரிங்காரரோடு கையாளாகச் சேர்ந்தார். முதலில் ஜெனரேற்றர் இணைப்பு, கிணற்று மோட்டர் திருத்தம். பிறகு குடாநாட்டில் வீடுகள் மீண்டும் எழும்பத் தொடங்க, முழு வீட்டு வயரிங்.

இன்று கொக்குவில், கோண்டாவில் பக்கம் வெளிநாட்டுக் காசில் எழும்புகிற மாடி வீடுகளில் அவர் கை படாததைத் தேட வேண்டும். சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். வேலை வாட்ஸ்அப்பில் நடக்கும். ஒரு வீடு முடிய அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடுவார். சான்றிதழை யாரும் கேட்டதில்லை.

கேட்கவைத்தது ஒரு ஒப்பந்தம். அண்ணை உப ஒப்பந்தத்தில் வேலை செய்கிற கட்டட ஒப்பந்தக்காரருக்கு ஒரு பெரிய கட்டடம் கிடைத்தது. மின்வேலை செய்கிறவர் தேசிய தொழிற் தகைமை (என்.வி.கியூ) 4 ஆம் மட்டம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று கேள்விப்பத்திரத்திலேயே எழுதியிருந்தது. இதே சமயம் அவருக்குக் கீழே ஒரு பொடியன் வேலை பழகிக்கொண்டிருந்தான். தொழிற் பயிற்சி நிலையத்தில் படிப்பு முடித்து, களப் பயிற்சிக்கு அந்த ஒப்பந்தக்காரரிடம் அனுப்பப்பட்டவன். அவனுடைய பயிற்சிக் குறிப்பேட்டில் ஒப்பந்தக்காரர் கையெழுத்து வைப்பார். குழாயை வளைப்பது, பெட்டியை நேராக வைப்பது எல்லாம் காட்டிக் கொடுப்பது அண்ணை. இன்னும் சில மாதத்தில் பொடியனிடம் என்.வி.கியூ இருக்கும், அவனுக்குத் தொழில் காட்டியவரிடம் இருக்காது.

"பழக்கினவன் வெளியில, பழகினவன் உள்ளுக்கையோ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமையே விண்ணப்பப் படிவத்தோடு வந்தார்.

முறை

விளங்கிக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. இலங்கையில் தேசிய தொழிற் தகைமைச் சட்டகம் 2004 இல் வந்தது. பிரித்தானியா 1986 இல் தொடங்கிய என்.வி.கியூ முறையின் எண்ணமே இதற்கும் அடித்தளம்: எங்கே படித்தாய், எவ்வளவு காலம் படித்தாய் என்பதை விட்டுவிட்டு, வேலையைத் தரப்படி செய்வாயா என்று கேட்பது. மொத்தம் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 4 ஆம் மட்டம் என்றால் மேற்பார்வை இல்லாமல் தனியாக நின்று செய்யக்கூடிய கைவினைஞர். இதற்கெல்லாம் மேலே இருப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு.

போய்ச் சேரும் வழிகள் வேறு வேறு. பொடியன் போனது அங்கீகாரம் பெற்ற பாடநெறியும் களப் பயிற்சியும் சேர்ந்த வழி. தொழிற்பயிலுனராகச் சேர்ந்து வேலைத்தலத்திலேயே பழகும் வழியும் உண்டு. 1971 ஆம் ஆண்டின் பயிலுனர் சட்டத்திலிருந்து வருகிற அந்த ஏற்பாட்டை இப்போது நைட்டா என்று எல்லாரும் சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை பார்க்கிறது. மூன்றாவது, அண்ணையைப் போன்றவர்களுக்கானது: முன்னர் கற்றதை அங்கீகரித்தல், வாய்ப்பேச்சில் ஆர்.பி.எல். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. தெரிந்ததை நிரூபித்தால் போதும். மூன்று வழியாலும் கிடைக்கிற தகைமை ஒன்றுதான்.

நிரூபிப்பது எதற்கு எதிராக என்றால், அந்தத் தொழிலுக்கான தேசிய தேர்ச்சி நியமத்துக்கு எதிராக. தொழிலை அலகுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு அலகுக்கும் கூறுகள், ஒவ்வொரு கூறுக்கும் செயற்பாட்டு அளவுகோல்கள். குழாய் பதிப்பது ஒரு இடத்தில் வரும், மின்பகிர்வுப் பெட்டி பொருத்துவது இன்னொரு இடத்தில், சோதித்து மின்னூட்டுவது வேறொரு இடத்தில். புள்ளி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தேர்ச்சி உண்டு, அல்லது தேர்ச்சி இன்னும் இல்லை. இதைத்தான் ஆட்கள் விளங்கிக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள். நாங்கள் எல்லாரும் எழுபத்தைந்து எடுத்தால் ஏ என்று பழகினவர்கள். பத்து அளவுகோலில் ஒன்பது சரி என்றால் தொண்ணூறு வீதம் என்று நினைப்போம். இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. விடுபட்ட அந்த ஒன்று மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கிற அளவுகோலாக இருந்தால், மற்ற ஒன்பதும் அதைக் காப்பாற்றாது. காப்பாற்றவும் கூடாது என்பது என் எண்ணம்.

கோப்பு

விண்ணப்பத்துக்குப் பிறகு ஒரு முன்மதிப்பீடு. எந்த அலகுகளுக்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று அங்கே பார்ப்பார்கள். அதற்குள் கோப்பு தயாராக வேண்டும். எத்தனையோ பேர் இங்கேயே திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அண்ணை முதல் நாள் கொண்டுவந்தது ஒரு கைபேசியும் நான்கு கடிதங்களும். கைபேசியில் படங்கள் ஏராளம். எல்லாம் முடிந்த வேலை: சீலிங்கில் எரிகிற லைட், மாபிள் நிலத்தில் விழுகிற வெளிச்சம், வீட்டுக்காரர் குடும்பத்தோடு குடிபூரலன்று எடுத்த படம். வயரிங் வேலைக்கு இதைவிட மோசமான ஆதாரம் கிடையாது. வயரிங் நல்லதா கெட்டதா என்பது சுவருக்குள்ளே இருக்கிறது, பூசி மெழுகிய பிறகு பார்க்க ஒன்றுமில்லை. குழாய் பதித்துப் பூசுவதற்கு முன், வயர் இழுக்கும்போது, பெட்டி திறந்திருக்கும்போது எடுத்த படங்கள்தான் வேண்டும். அதுவும் அண்ணையின் கை அல்லது முகம் தெரிகிற மாதிரி. யாருடைய வேலையும் யாருடைய போனிலும் இருக்கலாமே.

கடிதங்கள் இன்னும் சுவாரசியம். நான்கு வீட்டுக்காரர் "இவர் எங்கள் வீட்டு வயரிங் வேலையைத் திறம்படச் செய்து முடித்தார்" என்று எழுதியிருந்தார்கள். நான்கும் ஒரே கையெழுத்து. அழகான, வட்டமான, பள்ளிக்கூடக் கையெழுத்து.

"இது ஆர் எழுதினது அண்ணை?"

"மகள்தான். அவையள் சொன்னவை, நீ எழுதிக்கொண்டு வா, நாங்கள் சைன் வைக்கிறம் எண்டு."

இதில் கள்ளம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் எந்தக் கடிதமும் இப்படித்தான் வாங்கப்படுகிறது, கிராம அலுவலர் கடிதம் உட்பட. ஆனால் மதிப்பீட்டாளர் பார்க்கிற கண் வேறு. ஆதாரத்தை அவர் நான்கு விதமாகச் சோதிப்பார். கேட்கப்பட்ட அலகைப் பற்றியதா, இந்த ஆளே செய்ததா, அண்மையில் செய்ததா, முடிவெடுக்கப் போதுமா. அண்ணையின் கடிதங்கள் இரண்டாவதில் சறுக்கின, நான்காவதிலும் சறுக்கின. "திறம்பட" என்ற சொல்லை வைத்து எந்த அளவுகோலுக்கு நேரே சரி போடுவது? எத்தனை பொயின்ட் வேலை, ஒரு பேஸா மூன்று பேஸா, எந்த வருடம், பெட்டி மாற்றினாரா, வேலை முடிந்து என்ன சோதித்துக் காட்டினார் என்று இருந்தால் ஒரு கடிதமே பத்துக் கடிதத்துக்குச் சமம்.

ஆகவே ஒன்று செய்தோம். வீட்டுக்காரர் இருவரிடம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்களே எழுதி அனுப்பும்படி செய்தோம். ஒருவர் கனடாவிலிருந்து மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு பக்கம், குளியலறை ஹீட்டருக்குத் தனி வயர் இழுக்க வேண்டும் என்று அண்ணை பிடிவாதம் பிடித்ததையும் தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்ததையும் பற்றியது. அண்ணைக்கு அதை வாசிக்கச் சிரிப்பு. எனக்கு அது தங்கம். சுமையைக் கணக்கிட்டு வயர் தெரிவுசெய்கிற அளவுகோலுக்கு நேரான சாட்சியம், அதுவும் எதிர்த்துக் கதைத்தவரின் வாயாலேயே.

மூன்றாவது சோதனை, அண்மைத்தன்மை, பழைய ஆட்களுக்குக் கசக்கிற ஒன்று. அண்ணையின் பெருமைக்குரிய வேலைகள் பல பத்து வருடத்துக்கு முந்தியவை. அப்போது பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. இப்போது மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் கோடு. பழைய வீட்டில் புது வயர் சேர்க்கும்போது இரண்டும் கலந்து நிற்கும். அந்தக் கலப்பை எப்படிக் கையாள்கிறார் என்று காட்ட ஒரு பழைய வீட்டுத் திருத்த வேலையை இரண்டு கிழமைக்குள் தேடிப் பிடித்துப் படம் எடுத்துச் சேர்த்தோம். அந்தப் படங்களைப் பொடியன்தான் எடுத்தான். எதை எடுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை, குறிப்பேடு நிரப்பிப் பழகியவன்.

மதிப்பீட்டு நாள்

கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டில் மதிப்பீடு. கீழ்த்தளம் முடிந்து பெட்டி பொருத்த வேண்டிய கட்டம். வேலைத்தலத்திலேயே பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர். பரீட்சை மண்டபத்தில் பலகையில் ஆணியடித்த வயரிங்கும், வெய்யிலில் ஏணியில் நின்று பூசாத சுவரில் செய்கிற வயரிங்கும் ஒன்றல்ல.

அண்ணை அன்று சப்பாத்துப் போட்டு வந்தார். வழமையில் பாட்டாச் செருப்பு. மதிப்பீட்டாளர் அதைக் கவனித்தாரோ தெரியாது, ஆனால் சப்பாத்தின் புதுமை எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு நாள் பார்த்து முடிவெடுக்கிற முறைக்கு இந்தப் பலவீனம் எப்போதும் இருக்கும். மதிப்பீட்டாளர் வருகிற நாளில் எல்லாரும் நல்ல பிள்ளைகள். அதனால்தான் பார்த்ததை மட்டும் வைத்து முடிக்காமல், கோப்பையும் வாய்மொழிக் கேள்வியையும் அதோடு சேர்த்து நெய்கிறார்கள்.

முதல் ஒரு மணித்தியாலம் அண்ணையின் ஆட்டம். பெட்டியை நீர்மட்டம் பிடித்துப் பொருத்தினார், வயர்களை வரிசைப்படுத்திக் கட்டினார், நுனி சீவி இறுக்கினார். கை தானாக ஓடியது. மதிப்பீட்டாளர் ஒரு பிளக் பொயின்டைக் காட்டி, "இதுக்கு என்ன வயர்?" என்றார்.

"ஏழு, பூச்சியம் அறுபத்தேழு."

"ஏன்?"

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு கம்பி சேர்ந்தது, கிட்டத்தட்ட 2.5 சதுர மில்லிமீற்றர். லைட்டுக்கு 1/1.13, அது ஒரு சதுர மில்லிமீற்றர். இந்தக் கணக்கு அவருக்கு எண்ணாகத் தெரியாது, வேலையாகத் தெரியும். கொஞ்சம் யோசித்து, அயன் பொக்ஸும் கேத்திலும் ஒரே நேரத்தில் போட்டால் மெல்லிய வயர் சூடேறி உறை இளகிவிடும் என்றும், பிரேக்கர் வயரைக் காப்பாற்றுகிற அளவில் இருக்க வேண்டுமே தவிர வீட்டுக்காரர் கேட்கிற அளவில் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். மதிப்பீட்டாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நல்ல மதிப்பீட்டாளருக்கு இது முக்கியமான குணம்: பாடப்புத்தகச் சொல்லை எதிர்பார்க்காமல், சொன்னதற்குள் அறிவு இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லாரும் அப்படி இல்லை.

எர்த் விடயத்தில் அண்ணை இன்னும் உயர நின்றார். வலிகாமத்தில் செம்மண் ஒரு மெல்லிய போர்வைதான், கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். எர்த் கம்பி பாதியில் நின்றுவிடும். சிலர் மிச்சத்தை வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணை குளியலறைத் தண்ணி போகிற பக்கமாக நீளக் கிடங்கு வெட்டி, செம்புப் பட்டையைக் கிடையாகப் பதித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மாரியில எந்த எர்த்தும் வேலை செய்யும். ஆடி ஆவணியில மண் காஞ்சா கிணத்தடி மோட்டர் கறண்ட் அடிக்கத் தொடங்கும். அதுக்குத்தான் ஈரமான இடம் பாத்தது" என்றார்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு இது. எங்கள் வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் எர்த். அதன் தடை 100 ஓம் என்று வைத்தால், 230 வோல்ற்றில் பேஸ் வயர் மோட்டர் உடம்பில் முட்டும்போது ஓடக்கூடியது 2.3 அம்பியர் மட்டும். 16 அம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது. மோட்டர் உடம்பு மின்னோடு நிற்கும், தண்ணி இறைக்கப் போகிறவர் தொடுவார். அந்த இடத்தில் காப்பாற்றுவது, மின் கசிந்தால் தானாக விழுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான்.

"அப்ப ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுது எண்டு எப்படித் தெரியும்?"

"பட்டனை அமத்திப் பாப்பன். டக் எண்டு விழும்."

"எர்த் வயர் கழண்டிருந்தா?"

அண்ணை பதில் சொல்லவில்லை. பொடியனும் நானும் பக்கத்தில் நின்றோம், வாய் திறக்க முடியாது. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டன் தனக்குள்ளேயே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு சிறு ஏற்றத்தாழ்வை உண்டாக்கிப் பார்க்கிறது. வீட்டு எர்த்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எர்த் வயர் முழுதாக அறுந்து கிடந்தாலும் பட்டன் டக் என்று விழும். சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவில் 300 மில்லி செக்கனுக்குள் விழுகிறதா என்பதற்கு அதற்கான சோதனைக் கருவி வேண்டும். எர்த்தின் தடைக்கு வேறு கருவி. வயர்களின் உறை நல்லதா என்பதற்கு மெகர் என்கிற கருவி, 500 வோல்ற் நேரோட்டத்தில், குறைந்தது 1 மெகா ஓம், அதுவும் எல்ஈடி பல்புகளைக் கழற்றிவிட்டு. அண்ணை மெகரைக் கண்டிருக்கிறார், கையில் பிடித்து அளந்ததில்லை. மின்சார சபை ஆட்கள் இணைப்புக் கொடுக்க வரும்போது அளப்பார்கள், சரி என்றால் சரி. அவருடைய வேலைகள் அந்தச் சோதனையில் தோற்றதில்லை. ஆனால் அளந்தது அவரல்ல.

பிறகு வந்ததுதான் உண்மையான இடறல். பழைய பகுதியிலிருந்து வந்த ஒரு லைட் சுற்றில் சுவிட்ச் மாற்ற வேண்டும். அண்ணை பெட்டியில் பிரேக்கரைக் கீழே தள்ளினார், சுவிட்சடிக்கு வந்தார், சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை வைத்தார், எரியவில்லை, வயரைக் கையில் பிடிக்கப் போனார்.

"நில்லுங்கோ" என்றார் மதிப்பீட்டாளர்.

டெஸ்டருக்குள் இருக்கிற நியோன் பழுது என்றாலும் அது எரியாது. மின் உள்ள ஒரு இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு இங்கே வைத்து, மறுபடியும் மின் உள்ள இடத்தில் வைத்து உறுதிப்படுத்த வேண்டும். டெஸ்டரை விட, இரண்டு முனையுள்ள கருவியால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்ப்பது முறை. பெட்டியில் பூட்டோ அறிவிப்பு மட்டையோ போடவில்லை. அந்த நேரம் பெட்டிக்குப் பக்கத்தில் பெயின்ற் அடிக்கிறவர் ஒருவர் நின்றார். தனக்கு லைட் வேண்டும் என்று அவர் பிரேக்கரைத் தட்டியிருந்தால் கதை வேறு.

பொடியன் பிறகு என்னிடம் சொன்னான், இதெல்லாம் தனக்கு முதல் தவணையிலேயே படிப்பித்தது என்று. ஏன் அண்ணையிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் அப்பிடித்தானே சேர் செய்யிறவர்" என்றான்.

முடிவு

பெரும்பாலான அலகுகளுக்குத் தேர்ச்சி. சோதித்து மின்னூட்டுதல், தொழிற் பாதுகாப்பு ஆகிய இரண்டுக்கும் தேர்ச்சி இன்னும் இல்லை. தோல்வி என்று ஒன்று எழுதப்படவில்லை. தேறிய அலகுகள் பதிவாகிவிடும், விடுபட்ட அலகுகளுக்கு மட்டும் திரும்ப வந்தால் போதும். இது இந்த முறையின் பெரிய நியாயம். சாதாரண தரத்தில் கணக்கு ஒன்றில் தவறினாலே வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிற ஊரில், இரண்டு அலகை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தந்துவிடுகிற ஒரு ஏற்பாடு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அண்ணைக்கு அன்று அது நியாயமாகப் படவில்லை. "இவ்வளவு வருசம் ஒரு ஷொக்கும் வாங்கேல்ல" என்றார். நான் வாதிடவில்லை. ஷொக் வாங்காத வருடங்கள் ஆதாரம்தான், ஆனால் எதற்கு ஆதாரம்? அவருடைய கை வேகத்துக்கு, சப்பாத்துப் போடாத கால்களின் அதிர்ஷ்டத்துக்கு, எப்போதும் அவர் பிரேக்கரைத் தள்ளிவிட்டுத்தான் தொட்டார் என்பதற்கு. அடுத்த தடவையும் நடக்காது என்பதற்கு அல்ல. அதோடு 4 ஆம் மட்டக்காரர் தனக்குக் கீழே ஆள் வைத்து வேலை செய்விப்பார். அவர் டெஸ்டரை எப்படி வைக்கிறாரோ அப்படியே பொடியன்களும் வைப்பார்கள். பொடியன் சொன்ன பதிலை நான் அண்ணையிடம் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் மெகரைத் தொட நிலையத்துக்கு வரத் தொடங்கினார்.

பழகியது பெரிய காலமில்லை. கை தெரிந்தவருக்குக் கருவி பிடிக்கச் சிரமம் இல்லை. வாசிப்பை எழுதுவதுதான் பாடாய்ப் போயிற்று. எந்தச் சுற்று, எந்த இரண்டு வயருக்கிடையில், எத்தனை மெகா ஓம், எந்தத் திகதி என்று கட்டம் போட்ட தாளில் நிரப்ப வேண்டும். முதல் தாளில் எல்லாக் கட்டத்திலும் "சரி" என்று எழுதியிருந்தார். இலக்கம் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். மறுமதிப்பீட்டில் இரண்டு அலகும் தேறின. சான்றிதழ் வந்தது, ஒப்பந்தத்திலும் அவர் பெயர் போனது. மின்துறையை ஒழுங்குபடுத்துகிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னியலாளர்களை அனுமதிப்பத்திர முறைக்குள் எடுக்க முயல்வதும் இந்தத் தகைமையை வைத்துத்தான் என்பதால் அது இந்த ஒரு ஒப்பந்தத்தோடு முடிகிற கடதாசியும் அல்ல. விரும்பினால் 5 ஆம் மட்டத்துக்கும் போகலாம், யாழ்ப்பாணத்திலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அண்ணைக்கு அந்த ஆசை இல்லை, மகளுக்கு உண்டு.

இதில் நான் கண்டது

ஆர்.பி.எல் வழியைப் பற்றி இரண்டு கதை ஊரில் உலவுகிறது. ஒன்று, அது சும்மா கொடுக்கிற சான்றிதழ், வகுப்புக்குப் போகாதவனுக்குப் பின்கதவு. மற்றது, தொழில் தெரிந்தவனை மடக்கிப் பார்க்கிற கடதாசி விளையாட்டு. அண்ணையின் கோப்பு இரண்டையும் பொய்யாக்குகிறது. நேரில் பார்த்துக் கேள்வி கேட்கிற மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தால், வகுப்பில் மூன்று தவணை இருந்தவனிடமும் வெளியே வராத ஒரு பழக்கம் வெளியே வருகிறது. எர்த் பதிக்கத் தெரிந்தது போல எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவும் அதே நாளில் பதிவாகிறது.

ஆனால் ஒரு குறை இருக்கிறது, அது அண்ணையின் குறை அல்ல. அவர் தேறாத இரண்டு அலகில் ஒன்று கருவி சம்பந்தப்பட்டது. நியமம் மெகரையும் எர்த் மீற்றரையும் ட்ரிப் சுவிட்ச் சோதிக்கிற கருவியையும் எதிர்பார்க்கிறது, எதிர்பார்க்கத்தான் வேண்டும். தனியாளாக வீட்டு வயரிங் செய்கிறவரிடம் குறடு, டெஸ்டர், மல்ரிமீற்றர், துளைக்கிற மெஷின் இருக்கும், அதற்கு மேல் இராது. வேலைத்தலத்தில் இல்லாத கருவியை வைத்து வேலைத்தல மதிப்பீடு செய்தால், தேறாமல் போவது ஆளா தலமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. விண்ணப்பிக்கிறவர்களுக்கு மதிப்பீட்டுக்கு முன்பே ஒரு பின்னேரம் கருவி பிடித்துப் பழக இடம் கொடுத்தால், மறுமதிப்பீடுகளில் பாதி தேவைப்படாது என்பது என் கணிப்பு. படமும் கடிதமும் எப்படி எடுப்பது என்று அதே பின்னேரத்தில் சொல்லிவிடலாம்.

இப்போதைக்கு அண்ணையும் இன்னும் மூன்று வயரிங்காரரும் சேர்ந்து சீட்டுக் கட்டி ஒரு மெகர் வாங்கியிருக்கிறார்கள். அது யார் வீட்டில் இருப்பது என்பதில் இன்னும் முடிவில்லை. மூன்று பேரில் இருவர் விண்ணப்பித்துவிட்டார்கள். மதிப்பீடு யாருக்கு முதலில் வருகிறதோ அவருக்கே அது வேண்டும் என்று இருவரும் சொல்கிறார்கள்.